விரல் அறியாத சூடு

அக்காள் கணவரும் மைத்துனனும் ஒரே கூரையின் கீழ், ஒருவரோடு ஒருவர் பேசாமல் வேலை செய்து அன்றோடு ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. இருவருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்து போய்ச் சுமந்து வருவதே டேப் அக்காவுக்கு முழுநேர வேலையாகிவிட்டிருந்தது.

இடையில் ஓரிரு வாரம் இவர்களைச் சந்திக்க இயலாமல் போனவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் முறை.

கார்களின் வர்ணத்தில் விழுந்த கீறல்களை மெருகேற்றி நீக்கும் அந்தப் பட்டறையில் இருப்பவர்கள் மூன்றே பேர். பேட் என்னும் வட்ட மெத்தையைச் சுழற்றி மெருகேற்றும் மெஷினைப் பிடிப்பவர் டேப் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருட அனுபவம். மாஸ்டர் என்று கேட்டால் நான்கு தெருவுக்கு அப்பாலிருந்தும் வழி காட்டுவார்கள். அவளுடைய தம்பிக்கு இருபத்தொன்பது வயது, ஒல்லியான தேகம், ஓரிடத்தில் கால் தரிக்காத சுபாவம், ஆகவே குருவி. மெஷின் படக்கூடாத ரப்பர், கைப்பிடி, விளிம்பு அனைத்தையும் காகித டேப் ஒட்டி மறைப்பது அவள் பொறுப்பு. பெற்றோர் வைத்த பெயர் எப்போதாவது தபாலில் வந்தால், யாருக்கு வந்ததென்று அவளே ஒரு கணம் யோசிப்பாள்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. தேய்த்து மெருகேற்றும் காம்பவுண்டும் பாலிஷும் பெரிய டப்பாக்களில் வரும். அவற்றை ஒரே மாதிரியான மூன்று வெள்ளை பாட்டில்களில் ஊற்றிக்கொள்வார்கள். ஒன்று ரஃப், பூச்சையே சீவி எடுக்கும். இன்னொன்று மீடியம். மூன்றாவது ஃபைன், பளபளப்பு மட்டும் தரும். மூன்றும் பார்வைக்குத் தயிர் போலத்தான் இருக்கும். பாட்டிலின் மேல் எதுவும் எழுதுவதில்லை. மாஸ்டர் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவார். ஒரு முறை குருவி மூன்று நிற டேப் ஒட்டி வைத்தான். மாஸ்டர் அதைப் பிய்த்தெறிந்தார்.

"விரலுக்குத் தெரியாததையா டேப்பு வந்து சொல்லிடப் போகுது?"

ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு வெள்ளைக் கார் மெருகு ஏறாமல் மங்கிப்போனது. ஃபைன் பாட்டிலில் குருவி ரஃப்பை ஊற்றிவிட்டான் என்றார் மாஸ்டர். இல்லை என்று குருவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இன்னொரு முறை இப்படி நடந்தால் அவன் இந்த வாசலை மிதிக்கத் தேவையில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பேச்சு அன்றைக்கு நின்றதுதான்.

பத்தாம் நாள் காலை எட்டரை மணிக்குக் கண் டாக்டரம்மா தம் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எங்கப்பாவோட கார். இருபத்தாறு வருஷம். ஒரு தடவைகூட மறு பெயிண்ட் அடிச்சதில்ல" என்றார். ஐம்பது வயதிருக்கும். சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். "ஏப்ரல்ல அவர் தவறிட்டார். அப்புறம் ஷெட்ல விட்டு உறை போட்டு மூடினேன். வாராவாரம் உறையை எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப மூடுவேன். வெளியிலயே எடுக்கல. இத்தனை கீறல் எப்படி வந்ததுன்னே தெரியல."

குருவி குனிந்து பானட்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். சிலந்தி வலை போல ஆயிரம் மெல்லிய கீறல்கள் ஒளியைச் சுற்றி வட்டமிட்டன.

"அந்த உறைதாம்மா. தூசி மேல போட்டு இழுத்தா துணியே அரமாயிடும்."

டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனது. "அப்போ நானேதானா?"

"அன்பாத்தான கீறியிருக்கீங்க. அதனால ஆழமா இல்ல. எடுத்துடலாம்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். சாவியை டேப் அக்காவின் கையில் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான். எங்கயாவது பெயிண்ட் மெலிசா இருந்தா அங்க கீறலை விட்டுடுங்க. எனக்குப் பளபளப்பு முக்கியமில்ல. அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கழுவின பெயிண்ட் இது. அது இருக்கணும். நாலு மணிக்கு வந்து பார்க்கறேன்."

அவர் போனதும் டேப் அக்கா பூச்சின் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்துக் காரைச் சுற்றி வந்தாள். பானட்டில் நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. இடப்பக்கப் பின்கதவின் நடுவில் ஓடும் மடிப்பில் வைத்தபோது எழுபத்தொன்று என்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். எழுபது. பூச்சு அங்கே மெலிந்திருந்தது.

"அக்கா, மாமாகிட்ட சொல்லு. முதல்ல ஃபைனை வெச்சு ஒரு ஓரத்துல பார்க்கலாம். போகலைன்னா மீடியம் எடுக்கலாம்" என்றான் குருவி.

மாஸ்டர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"இங்கதான நிக்கறாரு. நீயே சொல்லேன்டா."

"நீ சொல்லு."

"என்னங்க, குருவி என்ன சொல்றான்னா..."

"காது நல்லாத்தான் கேக்குது. ஃபைனை வெச்சுத் தடவிக்கிட்டிருந்தா அடுத்த வருஷம் முடியும்னு அவன்கிட்ட சொல்லு. கம்பளி பேட், ரஃப். ஒரே இழுப்பு."

"அக்கா, எழுபதுன்னு மீட்டர் சொல்லுதுன்னு மாமாகிட்ட சொல்லு."

"டேய், நான் என்ன தந்தி ஆபீஸா? ரெண்டு பேரும் எனக்குத் தனியா ஒரு மேசை போட்டுக் கொடுங்க, உட்கார்ந்து அனுப்பறேன்."

மாஸ்டரின் உதட்டோரம் சற்று இளகியது. கடைசியில் அவர் இறங்கி வந்தார். பானட்டின் ஒரு மூலையில் ஃபைனையும் மிருதுவான ஃபோம் பேடையும் வைத்துப் பார்த்தார்கள். பாதிக் கீறல்தான் போனது. மீடியம் வைத்ததும் விளக்கொளி கறுப்புக்குள் தெளிவாக விழுந்தது. ஆகவே பானட்டுக்கு மீடியம், பிறகு ஃபைன். முன் பம்பரில் ஏதோ சுவரில் உரசிய ஓர் ஆழமான தடம் இருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் ரஃப். இடப்பக்கப் பின்கதவுக்கு ஃபைன் தவிர வேறெதுவும் கூடாது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். டேப் அக்கா ஒரு துண்டு டேப்பில் 'ஃபைன் மட்டும்' என்று எழுதி அந்தக் கதவின் கண்ணாடியில் ஒட்டினாள்.

பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது. கண்ணாடி டம்ளர் கொதித்தது. அவள் விளிம்பை மட்டும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் டம்ளரை உள்ளங்கை முழுவதும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "ஆறிப்போச்சே" என்று ஒரே மடக்காக வாயில் விட்டுக்கொண்டார். அடுத்த கணம், "ஸ்ஸ்" என்று நாக்கை நீட்டினார்.

"ஆறிப்போன டீ நாக்கைச் சுடுமாக்கா?" என்று குருவி சுவரைப் பார்த்துக் கேட்டான்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

பம்பர் வேலையைக் குருவி முடித்தான். பானட்டை மாஸ்டர் முடித்தார். மதியம் ஒரு மணிக்கு அவர் அந்தக் கதவுக்கு வந்தார்.

தள்ளுவண்டியின் மேல்தட்டில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. பம்பருக்கு எடுத்த ரஃப்பை டேப் அக்காதான் இடப்புறம் வைத்திருந்தாள், ஃபைன் வலப்புறம். மாஸ்டர் ஒன்றை எடுத்தார். ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் நெருடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நெருடியதாக அவளுக்குத் தோன்றியது.

"ஃபைன்" என்றார். பேடில் நான்கு சொட்டு வைத்து மெஷினை ஓட்டினார்.

மறுபுறம் கண்ணாடி ஓரத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவளுக்கு அந்த ஓசை பழக்கமானது. அதில் எந்த மாற்றமும் இல்லை. முதலில் மூக்கை உயர்த்தியவன் குருவிதான். சூடேறிய பூச்சின் வாடை, எரிந்த பிளாஸ்டிக்கைப் போல, மெல்லப் பரவியது.

ஒன்பது நாள் விரதம் அந்தக் கணத்தில் உடைந்தது.

"மாமா! சூடு! மடிப்புல நிக்காதீங்க, நகருங்க!"

மாஸ்டர் மெஷினை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு உள்ளங்கையைக் கதவின் மடிப்பின் மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"எங்கடா சூடு? ஜில்லுன்னு இருக்கு. எனக்குச் சொல்லிக் கொடுக்காத."

மறுபடி மெஷினை வைத்தார். மூன்றே சுற்று. வெள்ளை ஃபோம் பேடின் முகம் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது.

காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற தெளிவான பூச்சு ஒன்று உண்டு. மெருகேற்றும்போது அந்தப் பூச்சுதான் தேயும். பேடில் வெள்ளை மாவு மட்டுமே ஒட்டும். பேடில் காரின் நிறமே ஒட்டினால் பூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு உலகத்தில் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

மெஷின் நின்றது. மடிப்பின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு, கண்ணில் பூ விழுந்தாற்போல, ஒளியற்ற ஒரு திட்டு இருந்தது.

முதலில் பேசியவர் மாஸ்டர்.

"யாரு இதுல ரஃப்பை ஊத்தினது?"

"மாமா, நான் காலையில கழுவிட்டுத்தான் ஊத்தினேன். ரெண்டும் சரியாத்தான்..."

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. வெள்ளை வண்டிக்கும் இதே வசனம். உனக்கு வேலை தெரியாதுன்னா பரவாயில்ல. எம்மேல இருக்கற கோவத்தை ஒரு செத்துப்போன மனுஷன் வண்டிமேல காட்டுவியாடா?"

குருவி அக்காவைப் பார்த்தான்.

டேப் அக்கா அந்த இரு பாட்டில்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து இரு கைகளிலும் நெருடிப் பார்த்தாள். இடது பாட்டில் மணலாய் உறுத்தியது. வலது பாட்டில் வெண்ணெயாய் வழுக்கியது. இரண்டும் சரியாகவே இருந்தன. மாஸ்டர் எடுத்தது இடப்புறத்துப் பாட்டில். குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

அவள் கதவின் மடிப்பில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

பிறகு கணவரின் கையைப் பார்த்தாள். அந்த உள்ளங்கை, மடிப்பில் வைத்திருந்த நீளத்துக்கு ஒரு கோடாகச் சிவந்து கன்றியிருந்தது. அவர் அதை அறியாமல் அதே கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

டப்பாக்கள் அடுக்கிய பின்னறையில் இருவர் நிற்பதற்குத்தான் இடம். அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகத்தால் விரல் நுனியில் அழுத்தினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். முகம் அசையவில்லை.

"எத்தனை நாளா?"

அவர் சுவரோரம் இருந்த டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"எட்டு மாசமா. முதல்ல காலையில மட்டும் மரத்துப்போகும். உதறினா சரியாயிடும். மெஷின் அதிர்வுன்னு நெனச்சேன். இப்போ உதறினாலும் ஒண்ணும் இல்ல."

எட்டு மாதம். பொத்தான் வைத்த சட்டைகளை எல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் காற்றோட்டமாக இருக்கிறது என்று பனியன் சட்டையாக அவர் போட ஆரம்பித்தது எப்போது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. கட்டிய கணவரின் கை செத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மெஷினை விடச் சொன்னார்."

"அப்போ அந்த வெள்ளை வண்டி?"

அவர் கன்றிய கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

"ஒம்பது நாளா எந்தம்பி குற்றவாளி மாதிரி நிக்கறானே."

"எனக்கும் தெரியும்." அவர் நிமிரவில்லை. "இத பாரு. அவனுக்கு இருபத்தொன்பது வயசு. கை சுத்தம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் கூப்பிட்டு வெச்சுப்பாங்க. எனக்கு இந்தக் கையைத் தவிர வேற என்ன இருக்கு? மாஸ்டருக்குக் கை போயிடுச்சுன்னு ஒரு தடவை வெளிய தெரிஞ்சா, யாரு சாவியைக் கொடுப்பா? இன்னைக்கு ஒரு நாள். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இரு. அது போதும்."

இருபது வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்தார். பானட்டைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. சுற்றி வந்து பின்கதவின் முன் நின்றார். குனிந்து, நோயாளியின் கண்ணைப் பார்ப்பதுபோலத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். தொடவில்லை.

"இது என்ன?"

"பூச்சு போயிடுச்சும்மா" என்றார் மாஸ்டர். "மன்னிக்கணும். மச்சான் பாட்டிலை மாத்தி ஊத்தி வெச்சுட்டான். நான் கவனிக்கல."

"திரும்ப வருமா?"

"புது பெயிண்ட்தான் அடிக்கணும்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"விட்டுடுங்கன்னு சொன்னேனே" என்றார் மெல்ல. பிறகு டேப் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் இங்கதான இருந்தீங்க? அப்படித்தான் நடந்ததா?"

சும்மா இருந்தால் போதும் என்றுதான் கணவர் கேட்டிருந்தார். சும்மா இருக்க வழியில்லாத ஒரு கேள்வி வரும் என்று இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. குருவி தூணோரம் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் பிறகும் மறக்க முடியவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

குருவி ஏப்ரனைக் கழற்றினான். நான்காக மடித்துத் தள்ளுவண்டியில் வைத்தான். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

டாக்டரம்மா அவன் போவதைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்:

"அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். பாக்கி மூணு கதவும் டிக்கியும் இருக்கு. பாதி வண்டி பளபளன்னு, பாதி கீறலோட என்னால ஓட்ட முடியாது. அதை நீங்களே செய்யணும். உங்க கையால மட்டும். வேற யாரும் தொடக் கூடாது. நாளைக்கு லீவு போட்டுட்டு ஒன்பது மணிக்கு வர்றேன். முடியற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஐந்து மணிக்கு டேப் அக்கா இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேலிருந்த தம்பியின் அறைக்குப் படியேறினாள். கதவு திறந்திருந்தது. அவன் குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் எதுவும் இல்லை. இருந்தும் தேய்த்தான்.

"சாப்பிட்டியாடா?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு பை பாதி நிறைந்து வாய் திறந்து கிடந்தது.

"பாட்டில் ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவன் குழாயை மூடினான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே."

"டாக்டரம்மா கேக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" அவன் திரும்பவில்லை. "அப்புறம்தான்னு ஒரு பொய் சொல்லிடுக்கா. நான் பொழைச்சுப்பேன்."

அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் அவளால் முடியும் போலிருந்தது.

"முன்னாடியே தெரியும்."

அவன் ஈரக் கையோடு நின்றான். தண்ணீர் விரல்நுனிகளிலிருந்து தரையில் சொட்டியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: எட்டு மாதம், பனியன் சட்டை, சூடான டம்ளர், கன்றிப்போன உள்ளங்கை. சொல்லி முடிக்கையில் அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

"டீயை வெச்சுக் கிண்டல் பண்ணினேனேக்கா" என்றான்.

"உனக்குத் தெரியாதில்ல."

"ஒம்பது நாளா மனசுக்குள்ள அவரைத் திட்டாத திட்டு இல்ல. வயசாச்சு, திமிரு, அது இதுன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினை நான் பிடிச்சிருப்பேன். பேரு அவர் பேராவே இருந்திருக்கும். நான் என்ன கேட்டேன்?" அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு அவர் செஞ்சா மிச்சக் கதவும் போயிடும்."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

"எனக்காக வரலை. கதவுக்காக வந்திருக்க."

அவள் அதை மறுக்கவில்லை. மறுத்தால் அந்த மறுப்பும் நிற்காது.

அவன் சொன்னான்: "வர்றேன். நாலு பேனலும் நான் செய்யறேன். மீட்டர் வெச்சு, ஃபைனை மட்டும் வெச்சு, அந்தம்மா அழாத மாதிரி செய்யறேன். ஆனா வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டரம்மா முன்னால அவர் வாயால சொல்லணும். அவருக்குப் பதிலா நீ சொல்லக் கூடாது. இன்னைக்கு நீ சொன்னதே எனக்கு ஜென்மத்துக்கும் போதும்."

அவள் படியிறங்கும்போது அவன் வழியனுப்ப வரவில்லை. முன்பெல்லாம் தெருமுனை வரை வருவான்.

பட்டறைக்குத் திரும்பியபோது மெஷின் ஓசை கேட்டது. மாஸ்டர் ஒரு பழைய சிவப்பு பானட்டைத் தாங்கியின் மேல் ஏற்றி வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் கண்டு அவளுக்கு அச்சமாக இருந்தது.

"ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். இங்க வா. பாட்டிலை நீயே எடுத்து என் கையில கொடுத்துடு. அது பிரச்சனை இல்ல. சூடுதான் பிரச்சனை. நீ டேப்பைச் சரி பண்ற மாதிரி பக்கத்துல நில்லு. நான் ஓட்டிட்டு நகரும்போதெல்லாம் நீ தொட்டுப் பாரு. சூடா இருந்தா இருமு. ஒரே ஒரு இருமல். நான் எடுத்துடறேன். அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போகுது?"

"ஒரு தடவை செஞ்சு பார்க்கலாமா?" என்று குழந்தை போலக் கேட்டார்.

அவள் சிவப்பு பானட்டின் மடிப்பில் கை வைத்தாள். மெஷின் ஓடியது. முதலில் இதமான வெதுவெதுப்பு. பிறகு வெயிலில் நின்ற வண்டியின் சூடு. பிறகு கை வைக்க முடியாத சூடு. அவள் கையை எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, அந்த ஓர் இருமலுக்காகக் காத்திருந்தார். மெஷின் அதே இடத்தில் சுழன்றது.

அவள் இருமவில்லை.

வாடை வந்தது. பேட் சிவந்தது. கடைசியில் அவர் கண்ணாலேயே பார்த்துத் திடுக்கிட்டு மெஷினை நிறுத்தினார்.

"ஏன் இருமல? மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம்?"

"நாளைக்கு இருமினா நாலு பேனல் தப்பிச்சிடும். அப்புறம் அடுத்த வண்டி. அதுக்கப்புறம் அதுக்கடுத்த வண்டி. ஆயுசு முழுக்க என்னால இரும முடியாதுங்க." அவள் குரல் உயரவில்லை. "குருவியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். நாளைக்கு வந்து எல்லாத்தையும் நானே செய்யறேங்கறான். நீங்க அந்தம்மா முன்னால உண்மையைச் சொன்னா. உங்க வாயால."

மாஸ்டர் மெஷினைத் தாங்கியின் மேல் வைத்தார். அதன் கம்பி தரையில் சரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா அவன்கிட்ட?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்? திட்டினானா?"

"அழுதான்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஓசை வந்து தேய்ந்தது. அவர் பைக்குள் கையை விட்டுத் தொலைபேசியை எடுத்தார். எடுப்பதற்கே இரண்டு முறை தவறியது. திரையில் விரலை வைத்தார். ஏதோ ஒன்று திறந்தது. மூடினார்; வேறொன்று திறந்தது. மூன்றாவது முறை அது தவறியபோது அதை அவளிடம் நீட்டினார்.

"நம்பரைப் போட்டுக் கொடு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"யாருக்குப் போடட்டும்? டாக்டரம்மாவுக்கா? குருவிக்கா?"

வரவேண்டாம் என்று அந்த அம்மாளைத் தடுக்கப் போகிறாரா, உண்மையை இப்போதே சொல்லிவிடப் போகிறாரா, மைத்துனனிடம் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கப் போகிறாரா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவர் தம் இரு கைகளையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றாள். திரையின் வெளிச்சம் ஒரு முறை தானாக அணைந்தது. அவள் மறுபடி அதைத் தட்டி எழுப்பினாள்.